பெயர் ஓரிடம், பொருள் ஓரிடம்: நந்திதுர்க்கிலிருந்து பார்க்கும் தொலைவணிக ஏமாற்றின் வரலாறு

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்திற்கும் நந்திமலைக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு உண்டு. மலைக்கோட்டையின் பெயரை அன்றைய மைசூரின் நிர்வாகப் பிரிவு ஒன்று தாங்கியிருந்தது. லண்டனில் பங்கு திரட்டிய சுரங்கக் கம்பெனியும் அதையே எடுத்துக்கொண்டது. பக்கத்திலுள்ள கோரமண்டல் சுரங்கத்தின் கதையும் இதுவே. சோழமண்டலக் கடற்கரை அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தங்கவயலில் பெயர் என்பது முகவரி அன்று. பொருளைக் கண்ணால் காணாத தூரத்து முதலீட்டாளரின் காதில் நன்றாக ஒலிப்பதற்காகச் சூட்டப்பட்டது அது.

நந்திதுர்க் என்ற பெயரின் ஆங்கில எழுத்து வடிவமும் ஒரே நிலையில் நின்றதில்லை. முதல் அசையில் 'யு' இட்டு எழுதிய ஆவணங்கள் உண்டு, 'ஏ' இட்டு எழுதியவையும் உண்டு. எப்படி எழுதினாலும் அது குறித்தது ஒரே சுரங்கத்தையே. இன்றைய இணையக் கடையின் முகவரியில் ஓர் எழுத்து மாறினால் கடையே மாறிவிடுகிறது. புகழ்பெற்ற விற்பனைத் தளத்தின் பெயரில் ஒரு கோட்டையோ எண்ணையோ 'ஆஃபர்', 'சேல்' போன்ற ஒட்டையோ சேர்த்து, அதே நிறம், அதே படம், அதே எழுத்துருவுடன் கைபேசியும் மடிக்கணினியும் பாதி விலைக்கு விற்பதாகக் காட்டும் போலிக் கடைகள் இந்த ஒற்றை எழுத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன.

இத்தகைய ஏமாற்று இணையத்தோடு பிறந்ததன்று. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் காணாமல் வணிகம் செய்யத் தொடங்கிய நாள் முதல் இரண்டு கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. பொருள் சரிபார்க்கப்படும் வரை பணம் யார் கையில் தங்குகிறது? இருவரில் யார் தன்னை அடையாளம் காட்டியாக வேண்டும்? இவ்விரண்டுக்கும் ஒவ்வொரு காலமும் அளித்த விடைகளின் தொகுப்பாகவே தொலைவணிகத்தின் வரலாற்றை வாசிக்கலாம். நேர்மையற்ற விற்பனையாளரைக் கண்டறிய இன்று சொல்லப்படும் அறிகுறிகள் அனைத்தும் இவ்விரு கேள்விகளில் ஒன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

1879இல் இந்திய அரசின் அழைப்பில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித், வயநாட்டுத் தங்கப் படிவுகளை ஆராய்ந்து நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்தார். அதைத் தொடர்ந்து தேவாலா, பந்தலூர் வட்டாரத்தை முன்வைத்து முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் லண்டனில் தொடங்கப்பட்டன. நலிந்துகொண்டிருந்த காப்பித் தோட்டங்கள் தங்க நிலங்கள் என்ற பெயரில் உயர்ந்த விலைக்குக் கைமாறின. பாறையை உடைத்து அரைத்தபோது கிடைத்த தங்கம் செலவுக்கே போதவில்லை. சில ஆண்டுகளில் பங்குகள் மதிப்பிழந்தன. காட்டுக்குள் இறக்கிய இயந்திரங்கள் துருப்பிடித்தன.

அதே அலையில்தான் 1880இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனியும் தோன்றியது. முதல் சில ஆண்டுகள் அதற்கும் பலன் இல்லை. கையிருப்பு தீரும் வேளையில், 1883 வாக்கில், கேப்டன் பிளம்மரின் மேற்பார்வையில் சாம்பியன் படிவு வெளிப்பட்டது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வாகத்தின்கீழ் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரகம், நந்திதுர்க் ஆகிய நான்கும் நிலைத்த சுரங்கங்களாயின.

இங்கு கவனிக்க வேண்டியது அன்றைய பங்கு அறிவிப்புகளின் மொழி. தங்கம் இல்லாத நிலத்திற்கும் தங்கம் நிறைந்த நிலத்திற்கும் எழுதப்பட்ட அறிவிப்புகள் ஏறக்குறைய ஒரே நடையில் அமைந்தன. இரண்டிலும் நிபுணரின் பெயர் இருந்தது, பழங்காலச் சுரங்கக் குழிகளின் சான்று இருந்தது, பிரபுக்களின் பெயர் தாங்கிய இயக்குநர் குழு இருந்தது. லண்டன் முதலீட்டாளரால் வாசித்து வேறுபாடு காண இயலவில்லை. வேறுபாட்டைக் காட்டியது அரைவை ஆலையில் கிடைத்த எடை மட்டுமே. நேர்மையின் மொழியைப் பொய்யர் எளிதில் கற்றுக்கொள்வார். ஆகவே சொல்லின் தரத்தைக் கொண்டு விற்பவரின் தரத்தை அளக்க முடியாது. 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்ற தமிழ் விளம்பரத் தொடருக்கும் இதே கதி நேர்ந்தது. அசல் பொருளை விற்றவரின் எச்சரிக்கையாக இருந்த அது, போலி விற்பவரின் உறையிலும் அச்சாகிப் பொருளிழந்தது. 'நூறு விழுக்காடு ஒரிஜினல்' என்று இன்று ஒரு தளம் அறிவிப்பதும் அந்த வரிசையில் வருவதே.

லண்டன் முதலீட்டாளருக்கு இல்லாத பாதுகாப்பு, தங்கம் கிடைத்த பின் கம்பெனிகளுக்கு விரைந்து கிடைத்தது. நூற்றாண்டுத் திருப்பத்தில் மைசூர் அரசு இயற்றிய சுரங்கச் சட்டங்களின்படி, பொன் கலந்த பொருளைத் தன்னிடம் வைத்திருப்பவர் அது வந்த வழியைத் திருப்திகரமாக விளக்க வேண்டும், இயலாதவர் தண்டனைக்குரியவர். மெய்ப்பிக்கும் பொறுப்பு, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து நிலத்தடியில் உழைத்தவர்கள்மேல் விழுந்தது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகம் முற்பட்டபோது, அதை இழிவாகக் கருதிய தொழிலாளர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர்.

வலிமையுள்ள தரப்பு எதிர்த்தரப்பின் அடையாளத்தைக் கேட்கிறது, தன் பொருளுக்குச் சட்டத்தின் காவலைப் பெறுகிறது. இணையக் கடையில் வாங்குபவரின் நிலையும் அமைப்பளவில் இதையே ஒத்தது. பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், சில வேளைகளில் அட்டை விவரம் என எல்லாவற்றையும் அவர் ஒப்படைக்கிறார். எதிரில் இருப்பதோ ஒரு சின்னமும் ஒரு வண்ணப்படமும்தான். இந்தச் சமனின்மையை முழுமையாக ஏற்கச் செய்வதே போலிக் கடையின் முதல் வெற்றி.

சிறு நுகர்வோருக்காக இச்சமனின்மையைக் குறைத்த முதல் பெரிய ஏற்பாடு அஞ்சல் துறையிலிருந்து வந்தது. 1877இல் இந்திய அஞ்சல் துறை, மதிப்புச் செலுத்திப் பெறும் அஞ்சலை, அதாவது வி.பி.பி. முறையைத் தொடங்கியது. 1880இல் பண ஆணையும் அஞ்சல் துறையின் பொறுப்பில் வந்தது. விற்பவர் பொருளை அஞ்சலகத்தில் ஒப்படைப்பார். அஞ்சல்காரர் அதைக் கொடுத்துப் பணம் பெறுவார். அப்பணம் விற்பவருக்குச் சென்று சேரும். கல்கத்தாவின் கைக்கடிகாரமும் சென்னையின் நூலும் மருந்தும் ஊர்தோறும் சென்றது இவ்வழியில்தான். தமிழ்ப் பதிப்பகங்களின் பட்டியல்களில் 'வி.பி.பி.யில் அனுப்பப்படும்' என்ற தொடர் நெடுங்காலம் ஓர் உறுதிமொழியாகவே விளங்கியது.

'பணம் யார் கையில்?' என்ற முதல் கேள்விக்கு இம்முறை பாதி விடைதான் தந்தது. பொருள் வீடு வரும் வரை பணம் வாங்குபவரிடமே இருந்தது. ஆனால் பணம் கட்டிய பிறகே பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்பது வழக்கம். அந்தச் சில நிமிட இடைவெளியில் ஏமாற்று புகுந்தது. யாரும் கேட்காத பொருளை அனுப்பி, வீட்டிலுள்ள வேறொருவர் பணம் கட்டிவிடுவார் என்று காத்திருப்பது ஒரு வழி. கடிகாரத்தின் எடைக்கு ஒப்பான கழிவை அனுப்புவது இன்னொரு வழி. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில் இதன் தடயத்தைக் காணலாம். உண்மையான கோரிக்கை பெற்றே பொருளை அனுப்புவதாக விற்பவர் அறிவிக்கச் செய்யவும், மோசடி நேர்ந்தால் வசூலித்த தொகையை நிறுத்திவைத்து வாங்கியவருக்கே திருப்பித் தரவும் விதி வகுக்க அச்சட்டம் இடமளித்தது. விற்பவரின் பொறுப்பு எழுத்தில் ஏறியது இவ்வாறுதான். அச்சட்டத்திற்கு மாற்றாக 2023இன் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்தது.

மின்னணுப் பொருள் இந்த ஏமாற்றுக்குள் பெருவழக்காக நுழைந்தது டிரான்சிஸ்டர் காலத்தில். வார இதழ்களின் பின்பக்கங்களில் எளிய எண்புதிர் ஒன்று அச்சாகியிருக்கும். விடை எழுதியவருக்கு ரேடியோ பரிசு என்று அறிவிப்பு இருக்கும். விடை அனுப்பிய எவரும் தோற்பதில்லை. பரிசைப் பெற அனுப்புச் செலவும் வரியும் வி.பி.பி.யில் கட்ட வேண்டும் என்று கடிதம் வரும். கட்டிய பின் பிரித்தால் செங்கல்லோ பொம்மைப் பெட்டியோ இருக்கும். புதிரின் எளிமை தற்செயலானதன்று. தான் வென்றதாக நம்புபவர், கொடுக்கும் பணத்தை விலையாகக் கருதுவதில்லை. இன்றைய சுழல்சக்கரப் பரிசும், 'உங்கள் எண் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தியும் அந்தப் புதிரின் வழித்தோன்றல்களே. 1984இல் ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம் திருத்தப்பட்டு, பொய்த் தள்ளுபடியும் ஏமாற்றுப் பரிசுத் திட்டமும் நியாயமற்ற வணிக நடைமுறைகளாக வரையறுக்கப்பட்டன. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1986இன் சட்டத்தில் தூரம் ஒரு தடையாகவே நின்றது. எதிர்த்தரப்பின் வணிக இடத்திலோ வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட முடியும். தொலைவிலிருந்து வாங்கியவருக்கு இந்த விதியே பெரும் வழக்காக வளரக்கூடியது. சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக வேறு மாநிலம் செல்பவர் எவரும் இல்லை என்பது விற்பவருக்கும் தெரியும். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ ஏமாந்தவர் மறுநாள் அதே கடை வாசலில் நின்று குரல் உயர்த்தலாம். தொலைவணிகம் இல்லாமல் ஆக்கியது அந்த வாசலைத்தான்.

2010இல் ஃபிளிப்கார்ட் தொடங்கிய 'பொருள் பெறும்போது பணம்' என்ற முறையைப் புதுமையாகப் பலர் வரவேற்றனர். அது 1877இன் ஏற்பாடு தனியார் கூரியர் வழியே திரும்பி வந்ததே ஆகும். அதன் பலமும் வந்தது, பலவீனமும் வந்தது. கைபேசிக்குப் பதில் பாத்திரம் துலக்கும் சோப்பு வந்த செய்தி 2014இல் நாடெங்கும் பேசப்பட்டது. பெட்டியைத் திறந்து காட்டி ஒப்படைக்கும் முறை பின்னர் வந்தபோதுதான் அஞ்சல் காலத்தின் அந்தச் சில நிமிட இடைவெளி ஓரளவேனும் அடைபட்டது.

2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம் 251 ரூபாய்க்குத் திறன்பேசி தருவதாக அறிவித்தது. அறிமுக விழாவில் காட்டப்பட்ட மாதிரிக் கருவிகளில் வேறொரு நிறுவனத்தின் பெயர் மறைக்கப்பட்டிருந்ததைச் செய்தியாளர்கள் கண்டனர். அந்த விலைக்கு அத்தகைய கருவியை உருவாக்கவே இயலாது என்று கைபேசித் தொழில்துறையினர் எச்சரித்தனர். ஆயினும் முன்பதிவு வெள்ளமெனப் பெருகி நிறுவனத்தின் தளமே முடங்கியது. ஏறத்தாழ 30,000 பேர் முன்பணம் செலுத்தினர். அப்பணத்தைக் காத்தது கட்டண இடையீட்டு நிறுவனத்தின் முடிவு. பொருள் சென்று சேரும் வரை தொகையை விற்பவருக்கு விடுவிக்கப்போவதில்லை என்று அது அறிவித்தது. பின்னர்ப் பணம் திருப்பித் தரப்பட்டது. விலை, முத்திரை, தொழில்துறையின் எச்சரிக்கை ஆகிய மூன்றும் வெளிப்படையாக இருந்தும் மக்களைத் தடுக்கவில்லை. இடையில் பணத்தைப் பிடித்துவைத்த மூன்றாம் கைதான் உதவியது. மறு ஆண்டு, விநியோகஸ்தர் ஒருவரின் புகாரில் அந்நிறுவனத்தின் இயக்குநர் கைதானார்.

இரண்டாம் கேள்விக்கு, அதாவது அடையாளம் காட்ட வேண்டியவர் யார் என்பதற்கு, 2020இல் தெளிவான விடை கிடைத்தது. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே முறையிடலாம் என்றது அது. நந்திதுர்க்கில் வசிப்பவர் தில்லி விற்பனையாளர்மேல் தமது மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதே மாதம் வந்த மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளம் தன் சட்டப்பூர்வப் பெயர், தலைமை அலுவலக முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் ஆகியவற்றை வெளியிட வேண்டும். புகாரை 48 மணி நேரத்திற்குள் ஏற்று ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். 2023இல் வந்த வழிகாட்டுதல்கள், 'இன்னும் இரண்டே உள்ளன', 'பத்து நிமிடத்தில் முடிகிறது' போன்ற பொய் அவசரத்தையும், இறுதிப் பக்கத்தில் விலை ஏறுவதையும் ஏமாற்று வடிவமைப்புகளாகப் பெயரிட்டன.

இந்த வரலாற்றைக் கொண்டு ஓர் இணையக் கடையைச் சோதிப்பவர் அதன் அழகிலிருந்தோ மொழிப்பிழையிலிருந்தோ தொடங்க மாட்டார். போலியும் இன்று பிழையின்றி எழுதும். அவர் முதலில் தேடுவது, சட்டம் கட்டாயமாக்கிய அடையாளத்தை. சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் இல்லாமல் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் படிவமும் மட்டுமே இருந்தால், அது விதியை மீறிய கடை. சோதனை அங்கேயே முடியலாம். ஜி.எஸ்.டி. எண் தரப்பட்டிருந்தால் அதன் 15 இலக்கங்களில் முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும். கர்நாடகத்திற்கு 29, தமிழ்நாட்டிற்கு 33. பெங்களூரு முகவரி தந்து வேறு மாநில எண்ணைக் காட்டும் கடை விளக்கம் தர வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணை இட்டால் பதிவு பெற்றவரின் பெயரும் பதிவின் நிலையும் தெரியும். கடையின் பெயரும் அந்தப் பெயரும் பொருந்தாவிட்டால், எண் இரவல் வாங்கப்பட்டிருக்கலாம். பெரிய தளத்திற்குள் வாங்கும்போதும் தளத்தின் பெயரோடு நின்றுவிடாமல், அதனுள் விற்பவர் யார் என்பதையும் காண வேண்டும்.

அடுத்தது பணத்தின் இருப்பிடம். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கட்டணத் திரட்டு நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பணத்தை வங்கியில் எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் வைத்தே விற்பவருக்குச் சேர்க்க வேண்டும். அந்தப் பாதையைத் தவிர்த்து, தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்கோ வங்கிக் கணக்கிற்கோ நேராக அனுப்பச் சொல்பவர், இடையிலுள்ள கையை நீக்கப் பார்க்கிறார். அட்டைக் கட்டணம் பழுது, முன்பணம் தந்தால் கூடுதல் தள்ளுபடி, பொருளுக்கு முன் 'அனுப்புச் செலவு' மட்டும் என்று காரணங்கள் மாறும், நோக்கம் ஒன்றே. வாங்கியவரே மனமொப்பி அனுப்பிய தொகை, அனுமதியற்ற பரிவர்த்தனைக்குரிய வங்கிப் பாதுகாப்பில் அடங்குவது கடினம் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

இறுதியாகப் பொருள். உரைகல் தங்கத்தின் மாற்றை அறிய உதவுவதுபோல் மின்னணுப் பொருளுக்கும் சோதனை உண்டு. கைபேசியில் *#06# அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண், பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதன் மெய்ம்மையையும் அது முடக்கப்பட்டதா என்பதையும் பார்க்கலாம். கைபேசி, சார்ஜர், பவர் பேங்க் போன்றவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். அமைவனத்தின் செயலியில் அந்த எண் எந்த நிறுவனத்திற்கு உரியது என்று தெரியும். பெட்டியைப் பிரிப்பதைத் தொடர்ச்சியாகப் படம்பிடிப்பது, 1877 முதல் விற்பவருக்குச் சாதகமாக இருந்துவந்த அந்தச் சில நிமிடங்களுக்குச் சாட்சி வைப்பதாகும். ஏமாந்தது தெரிந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரங்களில்தான். பொருள் குறித்த சாதாரணப் புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பின் தங்கவயலின் பிழைப்பு பெரிதும் ரயிலில் ஏறியது. மாரிகுப்பம், சாம்பியன், ஊரகம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன் ஏறி பெங்களூரு சென்று இரவில் திரும்புவோருக்குக் கைபேசி வேலைக்கான கருவி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பாடப்புத்தகம். கடை திறந்திருக்கும் நேரத்தில் ஊரில் இல்லாதவருக்கு இணையக் கடை ஆடம்பரமும் அன்று. பாதி விலை விளம்பரம் அவரை ஈர்ப்பதைப் பேராசை என்று கடிந்துகொள்வது, வயநாட்டுப் பங்குகளை வாங்கிய லண்டன் கனவான்களை மறந்துவிட்டுப் பேசுவதாகும். படிப்பும் செல்வமும் உடைய அவர்கள் விழுந்த அதே குழிதான் இது.

சுரங்க வாயிலில் தொழிலாளியைச் சோதித்தது இவ்வூரின் நூறாண்டு வழக்கம். வெளியேறுபவர் தம்மிடம் ஒன்றும் இல்லை என்று காட்டியே வீடு திரும்பினார். விற்பவர் தம் பெயரையும் முகவரியையும் பொருளையும் காட்டும் வரை பணம் வாயிலைத் தாண்டாது என்று அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று சொல்ல முடியும். அதற்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவும் ஏறத்தாழ அதே அளவு காலம் பிடித்தது.